நிழலை வெட்டி ஒரு நிழற்குடை

அல்லி நகரில் ஓர் அல்லிப் பூகூடக் கிடையாது.

ஒரு காலத்தில் இருந்தது. மதுரையிலிருந்து வாடிப்பட்டிக்குச் செல்லும் சாலையோரம், அல்லிக் கண்மாய் என்று ஒரு கண்மாய் இருந்தது. அந்தக் கண்மாயின் வயிற்றில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டினார்கள். கொட்டிய மண்ணின் மேல் கயிறு பிடித்தார்கள். கல் நட்டு மனை பிரித்தார்கள். தண்ணீர் குடியிருந்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் அதன் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள்.

பூங்காவுக்கென்று வரைபடத்தில் பச்சை நிறம் தீட்டி ஓர் இடம் விட்டிருந்தார்கள். அந்தப் பச்சை தாளோடு நின்றுபோனது. தரையில் அங்கே எழும்பியது குடியிருப்போர் நலச் சங்கத்தின் கட்டடம்.

வீடுகளோ, கூட்டம் நிறைந்த பஸ்ஸில் நிற்பவர்களைப் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஒரு வீட்டுச் சுவருக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவே பூனைகூட வயிற்றை எக்கிக்கொண்டுதான் போக வேண்டும். பூனைக்கே வழி இல்லாத இடத்தில் காற்று எப்படி நுழையும்? பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவர்களும் தார்ச் சாலையும், பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சூட்டை ஊர் மேல் திருப்பி ஊதின. சூரியன் போய்விடும், சூடு போகாது.

அது எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கோடை. மழை ஏமாற்றிவிட்ட கோடை.

அல்லி நகரின் கடைசி வரிசையில், சிமெண்டு ஓடு போட்ட ஒற்றை அறை வீட்டில் மாயக்காள் இருந்தாள். வயது பதினொன்று. அவளுக்குக் கோபம் வரும். யாரைக் கேட்டுக்கொண்டும் வராது.

"மூக்கு நுனியில கோவத்த வச்சுக்கிட்டுத் திரியிறா. தும்முனா வெளிய வந்துரும்" என்பாள் அவள் அம்மா சீனியம்மாள்.

அந்தக் கோடையில் மாயக்காளின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய தம்பிப் பாப்பா கருப்புக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கழுத்து மடிப்பில் வேர்க்குரு. காதுக்குப் பின்னால் வேர்க்குரு. வீட்டுக்குள் படுக்க வைத்தால் வீல் என்று அழுவான். சிமெண்டு ஓடு மேலிருந்து சுடும். சுவர் பக்கத்திலிருந்து சுடும். பச்சைக் குழந்தை எந்தப் பக்கம் புரண்டு படுக்கும்?

அவன் கண்ணயர்ந்து தூங்கியது ஒரே இடத்தில்தான். பஸ் நிறுத்தத்துப் புங்கமரத்தடியில்.

பழைய கண்மாய்க் கரையில் நின்ற மரங்களில் மிச்சம் அது ஒன்றுதான். அதன் கீழே கூடையில் வெள்ளரிப்பிஞ்சு வைத்துச் சீனியம்மாள் வியாபாரம் செய்தாள். அதன் கிளையில் பழைய சேலையைக் கட்டித் தொட்டில் போட்டிருந்தாள். தொட்டிலில் விழுந்த மறு நிமிடம் கருப்புவின் அழுகை நின்றுவிடும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அத்தனை பேரும் அந்த மரத்தைச் சுற்றித்தான் நிற்பார்கள்.

ஒருநாள் மத்தியானம் மாயக்காள் அங்கே வந்தபோது, மரத்தின் அடியில் சிவப்புச் சாயத்தில் பெரிய பெருக்கல் குறி ஒன்று போட்டிருந்தது.

தப்பான கணக்குக்கு வாத்தியார் போடும் குறி அது. மரம் என்ன தப்புச் செய்தது?

"யாரும்மா இதப் போட்டது?"

"சங்கத்து ஆளுக. வெட்டப் போறாகளாம்" என்றாள் சீனியம்மாள். அவள் கை தொட்டில் கயிற்றை விடவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மாயக்காள் அப்பாவைக் கேட்டாள். அவளுடைய அப்பா விருமாண்டி கொத்தனார். வேலை இல்லாமல் வெகுநாள் வீட்டில் இருந்தவர் அன்று சற்றுத் தெளிந்த முகத்தோடு இருந்தார்.

"பஸ் ஸ்டாப்புல நிழற்குடை கட்டப் போறாங்க. சங்கத் தலைவர் கண்ணுச்சாமி இருக்காருல்ல, அவரு செலவு. வேல எனக்குத்தான்."

"நிழற்குடைன்னா என்னப்பா?"

"பஸ்ஸுக்கு நிக்கிறவுக வெயில்ல காயாம, நெழல்ல நிக்கிறதுக்கு ஒரு கட்டடம்."

"இப்ப எங்க நிக்கிறாக?"

"மரத்தடியில."

"மரத்தடியில என்ன இருக்கு?"

விருமாண்டி சோற்றைப் பிசைந்தார்.

"சொல்லுப்பா. என்ன இருக்கு?"

"நெழலு" என்றார் மெல்ல.

"நெழல வெட்டிப்புட்டு நெழலு கட்டப் போறியா?"

"ஏ ஆத்தா, என்னைய ஏன் மொறைக்கிற? நான் கொத்தன். செங்கல்லும் சிமெண்டும் இருந்தாத்தான் எனக்குச் சோறு. மரத்தடியில கொத்தனுக்கு என்ன வேல இருக்கு?"

"புள்ளைய எங்க போடுறது?" என்று கேட்டாள் சீனியம்மாள்.

விருமாண்டி சுவரில் கையை ஊன்றினார். உடனே எடுத்துக்கொண்டார். விளக்கு வைத்து வெகுநேரமாகியும் சுவர் சுட்டது. அந்தச் சுவரைக் கட்டியவரும் அவரேதான்.

மறுநாள் மாயக்காள் நேரே கண்ணுச்சாமியின் சிமெண்டுக் கடைக்குப் போனாள்.

கண்ணுச்சாமி கருமி அல்லர். கேட்டால் கொடுப்பார்; கேட்காமலும் கொடுப்பார். ஆனால் எதைக் கொடுத்தாலும் அதில் அவருடைய அப்பா பேயாண்டியின் பெயர் இருந்தாக வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு அவர் வாங்கிக் கொடுத்த மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் 'பேயாண்டி நினைவாக' என்று எழுதியிருந்தது. மின்சாரம் நின்றால்தான் அதைப் படிக்க முடியும். அல்லி நகரில் அதை அடிக்கடி படிக்க முடிந்தது.

"என்ன பாப்பா, எத்தன மூட்ட?" என்றார் கண்ணுச்சாமி.

"சிமெண்டு வேணாங்கய்யா. மரம் வேணும்."

பக்கத்து நாற்காலியில் இருந்த சங்கச் செயலாளர் சாம்பசிவம் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். அவர் ஓய்வு பெற்ற குமாஸ்தா. தலைவர் எதைச் சொன்னாலும் அதன் கடைசிச் சொல்லை இரண்டு முறை சொல்வது அவர் வழக்கம்.

"கொத்தனாரு மகதான நீ? ஒங்கப்பனுக்கு வேல குடுக்கிறேன், நீ வந்து வேணாங்குற" என்றார் கண்ணுச்சாமி. "இங்க பாரு. மரம் எலைய உதுக்குது. காக்கா எச்சம் போடுது. போன வாரம் என் தல மேலயே போட்டுருச்சு. சிமெண்டு எச்சம் போடுமா?"

"போடாது, போடாது" என்றார் சாம்பசிவம்.

"எங்கப்பா பேர மரத்துல எழுத முடியுமா? பஸ்ஸுல போறவன் படிக்க வேணாமா? அதுக்குத்தான் போன வருசம் மொத ஸ்டாப்புல கட்டுன நிழற்குடைய ரோட்டப் பாத்து, மேக்கு மொகமா வச்சேன்."

"மேக்கு மொகமா வச்சா மத்தியானத்துக்கு மேல வெயிலு உள்ளயே வருமேய்யா."

"கோடைன்னா எல்லா எடத்துலயும்தான் வெயிலு. அல்லி நகருக்கு மட்டும் தனியாவா அடிக்குது?"

"ஆமாய்யா, தனியாத்தான் அடிக்குது. வாடிப்பட்டியில எங்க பெரியம்மா வீட்டுல இருந்து வாரப்ப, பஸ்ஸுல கண்ண மூடிக்கிட்டே நம்ம ஊரு வந்துருச்சுன்னு சொல்லிருவேன். வயக்காடு இருக்குற வரைக்கும் சன்னல்ல காத்து வரும். நம்ம ஊருக்குள்ள நொழைஞ்சா, சோத்துப்பானை மூடியத் தெறந்த மாதிரி மொகத்துல அடிக்கும்."

கண்ணுச்சாமி சிரித்தார். "வாயப் பாத்தியா. போ, போ. ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு சங்கக் கூட்டம். அன்னைக்குத் தீர்மானம். மறுநா வெட்டு."

"வெட்டு, வெட்டு" என்றார் சாம்பசிவம்.

மாயக்காள் கடையை விட்டு இறங்கினாள். நடந்தாள். கோபத்தில் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய தெருவையும் தாண்டி நடந்தாள். வந்து நின்ற இடம் முதல் பஸ் நிறுத்தம். 'பேயாண்டி நினைவு நிழற்குடை' என்று ஆளுயர எழுத்து. போன ஆண்டு ஒரு வேப்பமரத்தைச் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் கட்டியது.

நிழற்குடைக்குள் யாரும் இல்லை. ஒரு நாய்கூட இல்லை.

அப்படியானால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எங்கே? மாயக்காள் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். பின்சுவருக்கு அந்தப்புறம் விழுந்த ஒரு முழ அகல நிழலில், முதுகைச் சுவரிலிருந்து விலக்கிக்கொண்டு, ரேஷன் கடையில் நிற்பதைப் போல மனிதர்கள் வரிசையாக நின்றார்கள். வரிசையின் கடைசியில் நாய் நின்றது. பஸ்ஸின் சத்தம் கேட்டதும் எல்லோரும் கட்டடத்தைச் சுற்றி ஓடினார்கள்.

மாயக்காள் உள்ளே போய்ச் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள். தோசையைத் திருப்பிப் போடுவதற்கு முன் அதற்கு எப்படி இருக்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கட்டியவர் இதில் ஒரு நாளாவது உட்கார்ந்திருப்பாரா? அவர்தான் மோட்டார் சைக்கிளில் போகிறவராயிற்றே. அவருக்கு பஸ் நிறுத்தத்தில் என்ன வேலை?

கோபம் உள்ளங்காலிலிருந்து உச்சிக்கு ஏறியது. ஏறிய இடத்தில் ஒரு யோசனையைத் தட்டி எழுப்பியது. மாயக்காள் திரும்பிக் கடைக்கே ஓடினாள்.

"மறுபடியுமா?" என்றார் கண்ணுச்சாமி.

"ஐயா, மரத்தப் பத்தி இப்பப் பேச வரல. நிழற்குடை இன்னொண்ணு கட்டலாமான்னுதான கூட்டம்? அந்தக் கூட்டத்த நீங்க மொதல்ல கட்டுன நிழற்குடையிலயே வையுங்க. எல்லாரும் உள்ள உக்காந்து பாத்தாத்தான அது எப்படி இருக்குன்னு தெரியும்?"

கண்ணுச்சாமி மீசையைத் தடவினார். அப்பாவின் பெயருக்குக் கீழே கூட்டம். சாலையில் போகும் பஸ்ஸெல்லாம் பார்க்கும்.

"பரவாயில்ல, கொத்தனாரு மகளுக்கும் மூள இருக்கு. நல்ல யோசன."

"யோசன, யோசன" என்றார் சாம்பசிவம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. அக்கினி நட்சத்திரத்து வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து, நிழற்குடையின் திறந்த வாய்க்குள் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. சங்க உறுப்பினர்கள் வெள்ளைச் சட்டையோடு வந்தார்கள்.

லாரி வைத்திருக்கும் மொக்கையன்தான் முதலில் உட்கார்ந்தார். உடனே எழுந்து, துண்டை நான்காக மடித்துப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"என்ன மாப்ள, தேள் கொட்டிருச்சா?" என்றார் ஒருவர்.

"நீங்களும் உக்காந்து பாருங்க மாமா."

அவரும் உட்கார்ந்து பார்த்தார். அதன்பிறகு அவர் மாப்பிள்ளையைக் கேலி செய்யவில்லை.

சாம்பசிவம் தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கினார். "பயணிகள் கடும் வெயிலில் அல்லலுறுவதை முன்னிட்டு..." அவர் நெற்றி வியர்வை தாளில் சொட்டி 'வெயில்' என்ற சொல்லை அழித்தது. தாளைத் துடைத்தார். பக்கத்துச் சொல்லும் அழிந்தது.

"கொஞ்சம் வெத்தல துப்பிட்டு வாரேன்" என்று ஒருவர் எழுந்து பின்பக்கம் போனார். திரும்பவில்லை. "அவரக் கூட்டியாரேன்" என்று இன்னொருவர் போனார். அவரும் திரும்பவில்லை. மொக்கையன் காரணம் எதுவும் சொல்லாமலே போனார். சற்று நேரத்தில் பின்சுவர் நிழலில் அல்லி நகர்க் குடியிருப்போர் நலச் சங்கம் முழுதும் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. இடம் போதாமல் நாய் உறுமியது.

"கூட்டம் எங்க நடக்குது?" என்று உள்ளேயிருந்து கத்தினார் கண்ணுச்சாமி.

"நடக்குது, நடக்குது" என்று சுவருக்கு அந்தப்பக்கமிருந்து சாம்பசிவத்தின் குரல் வந்தது.

கண்ணுச்சாமி மட்டும் எழவில்லை. எழுந்தால் என்ன ஆகும்? அப்பா பெயரில் தான் கட்டியதில் தானே உட்கார முடியவில்லை என்று ஆகும். முகம் சிவந்தது. சட்டை உடம்போடு ஒட்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிரே நின்ற மாயக்காளுக்கு உள்ளே கொதித்தது. நன்றாக வேகட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். மறுகணம் அவர் உடம்பு லேசாக ஆடுவதைக் கண்டாள். தன் தம்பியின் முகமும் இப்படித்தான் சிவக்கும். அவள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை அவரிடம் நீட்டினாள்.

"குடிங்கய்யா. குடிச்சிட்டு எந்திரிங்க."

"சும்மா... புழுக்கம்" என்றார் அவர். செம்பு காலியானது.

"புழுக்கமில்லய்யா. இது ஒலை." அவள் கையை நீட்டி ஊர்ப் பக்கம் காட்டினாள். "கண்மாயத் தூத்தீக. அங்கிருந்து வந்த காத்து போச்சு. சந்து விடாம வீடு கட்டுனீக. மிச்சக் காத்தும் போச்சு. பூங்கா எடத்துல சங்கம் கட்டுனீக. வேம்ப வெட்டி இந்த அடுப்பக் கட்டுனீக. மிச்சம் ஒரே ஒரு மரம், அதுவும் கண்ண உறுத்துதா? எந் தம்பி அதுக்கடியிலதான்ய்யா தூங்குறான். ஒங்களுக்கு எச்சம் போடுற காக்காதான் தெரியுது. எந் தம்பி தெரியல."

பின்சுவர் வரிசையிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. கொத்தனார் விருமாண்டி அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் குனிந்த தலையோடு நின்றார்.

"வாங்கய்யா" என்று மாயக்காள் கண்ணுச்சாமியின் கையைப் பிடித்தாள். "ரோட்டுல கொஞ்ச தூரந்தான்."

அவர் வந்தார். கால் வந்ததா, மனம் வந்ததா, தெரியாது. சங்கம் பின்னால் வந்தது. உருகிய தார் செருப்பைப் பிடித்து இழுத்தது.

புங்கமரத்தின் நிழலுக்குள் முதல் அடி வைத்ததும் மொக்கையன் "அப்பாடா" என்றார். காற்று பெரிதாக ஒன்றும் வீசவில்லை. ஆனால் தரை சுடவில்லை. இலைகள் மெல்ல அசைந்தன. வெள்ளைச் சட்டை என்றும் பாராமல் அத்தனை பேரும் மண்ணில் உட்கார்ந்தார்கள்.

மூச்சு திரும்பியதும் கண்ணுச்சாமிக்குத் தலைவர் பதவியும் திரும்பிவிட்டது. "என்ன இருந்தாலும் சங்கத்துக்குன்னு ஒரு..." என்று குரலை உயர்த்தினார்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள் சீனியம்மாள், தொட்டில் பக்கமிருந்து. "புள்ள தூங்குது."

கண்ணுச்சாமி திரும்பிப் பார்த்தார். சேலைத் தொட்டிலின் வாய் வழியே கருப்புவின் கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேர்க்குரு மண்டிய சிறிய கால். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"எப்படி மெதுவாப் பேசுறது?" என்று கிசுகிசுத்தார்.

"இப்படித்தான்" என்று கிசுகிசுத்தாள் மாயக்காள்.

அல்லி நகர்ச் சங்கத்தின் வரலாற்றில் கத்தாமல் நடந்த முதல் கூட்டம் அதுதான். மொக்கையன் ரகசியக் குரலில் கேட்டார்: "தலைவரே, இங்கயே உக்காந்து இந்த மரத்த வெட்டலாம்னு கைய யாரு தூக்குவா?" ஒரு கையும் எழவில்லை.

"அப்ப எங்கப்பா பேரு?" என்றார் கண்ணுச்சாமி, காற்றைவிட மெல்லிய குரலில்.

அதுவரை குனிந்திருந்த விருமாண்டி நிமிர்ந்தார். "மொதலாளி, மரத்தச் சுத்தி வட்டமா ஒரு மேட கட்டித் தாரேன். பஸ்ஸுக்கு நிக்கிறவுக உக்காரலாம். அதுல ஐயா பேர எழுதிருவோம். எந்தப் பக்கமிருந்து பஸ் வந்தாலும் தெரியும்."

"வேரு மேல சிமெண்டு பூசிராதப்பா" என்றாள் மாயக்காள். "தண்ணி எறங்க மண்ண விடணும்."

"விடுறேன் ஆத்தா. மொறைக்காத."

கண்ணுச்சாமி அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். கிளையில் ஒரு காகம் அவரைப் பார்த்தது. அவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

"சரி. மரம் இருக்கட்டும்."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் சாம்பசிவம். அவ்வளவு மகிழ்ச்சியோடு அவர் எதையும் இரண்டு முறை சொன்னதில்லை.

மேடை எழுந்தது. பெயரும் எழுந்தது. சிவப்புப் பெருக்கல் குறியை மாயக்காள் தேங்காய் நாரால் தேய்த்து அழித்தாள். மத்தியானம் மின்சாரம் நின்றால், சிமெண்டுக் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் கண்ணுச்சாமி மேடைக்கு வந்துவிடுவார். சீனியம்மாள் வியாபாரத்தில் மும்முரமாக இருந்தால், தொட்டில் கயிறு அவர் கைக்குப் போய்விடும்.

ஒருநாள் அப்படி அவர் ஆட்டிக்கொண்டிருந்தபோது, மாயக்காள் மடி நிறையப் புங்க விதைகளும் தோளில் அப்பாவின் கடப்பாரையுமாகப் புறப்பட்டாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்று கிசுகிசுத்தார் கண்ணுச்சாமி.

"மொத ஸ்டாப்புக்கு. ஒங்க நிழற்குடைக்கு முன்னால, மேக்குப் பக்கமாக் குழி தோண்டப் போறேன். வெட்டுன வேம்புக்குப் பதிலா ஒண்ணாவது நிக்கணும்ல."

"மரம் வளந்தா எங்கப்பா பேர மறைக்குமே பாப்பா."

மாயக்காள் முறைத்தாள்.

கண்ணுச்சாமி தொட்டில் கயிற்றைச் சாம்பசிவத்திடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"கடப்பாரையக் குடு" என்றார். "ஒனக்குக் கனக்கும்."